கோத்தா ராயா வங்காளக் கடையில் உல்லம் மீன்: சாப்பாடும் அதற்குப் பின்னால் உள்ள தண்ணீரும்

கோலாலம்பூரில் உல்லம் மீன் சாப்பிட வேண்டுமென்றால் கோத்தா ராயா பக்கம் போங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் எந்த வாழை இலைக் கடையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. பசாரில் எப்போதாவது ஐஸ் பெட்டியில் கிடக்கும், ஆசையாக வாங்கி வந்து வழக்கம்போலப் புளிக்குழம்பு வைத்தால் மீனின் எண்ணெய் புளியோடு சேராமல் மேலே மிதக்கும், முள் தொண்டையைப் பதம் பார்க்கும், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள். இந்த மீனைச் சமைக்கத் தெரிந்தவர்கள் வங்காளிகள்தான். அவர்கள் இலிஷ் என்கிறார்கள், கோதாவரிக்காரர்கள் புலசா என்கிறார்கள், கொள்ளிடக்கரையில் நம் முன்னோர் உல்லம் என்று சொல்லிச் சாப்பிட்டது இதே மீனைத்தான்.

கடையின் பெயரை எழுத முடியாததற்குக் காரணம், பலகை முழுக்க வங்காள எழுத்து, எனக்கு வாசிக்கத் தெரியாது. பசார் செனி நிலையத்தில் இறங்கி கோத்தா ராயா கட்டடத்துக்குப் பின்புறம் போகும் சந்தில் நடந்தால் பணம் அனுப்பும் கடைகளும் கைப்பேசிக் கடைகளும் வரிசையாக வரும், அவற்றுக்கு நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கும் கடை. கார் எடுத்துப் போக வேண்டாம், அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதற்குள் பசி செத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் வேண்டாம். அன்றைக்கு நகரத்தில் கட்டட வேலை பார்க்கும் வங்காளதேசத்து ஆட்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், ஆறு நாள் உழைத்துவிட்டு ஒரு நாள் ஊர்ச்சாப்பாடு சாப்பிட வருகிறவர்களின் இடத்தை நாம் பிடித்துக்கொண்டு உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாங்க வேண்டியது கடுகு போட்ட உல்லம். கடுகைப் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து வழுவழுவென்று அரைத்து, மஞ்சள் தூள் போட்டு, மீன் துண்டுகளை அதில் புரட்டி, மேலே பச்சைக் கடுகெண்ணெயை ஊற்றி மூடி மெல்லிய தீயில் வைத்து எடுக்கிறார்கள், அவ்வளவுதான். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, மசாலாத் தூள் எதுவும் இல்லை. மூடியைத் திறந்ததும் கடுகு மூக்கில் ஏறும், கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் வாயில் வைத்தால் அந்தக் காரத்தை மீனின் எண்ணெய் அமர்த்திவிடுகிறது. கடுகு அரைப்பதில் கொஞ்சம் தவறினாலும் கசந்துவிடும், இங்கேயும் ஒரு முறை அப்படிக் கசந்து வந்திருக்கிறது, சொன்னவுடன் மாற்றிக் கொடுத்தார்கள். மற்ற நாட்களில் எல்லாம் சரியாகவே இருந்தது.

துண்டு கேட்கும்போது கவனம் வேண்டும். மீனைக் குறுக்கே வெட்டி, அதை மறுபடி இரண்டாக்கி, வயிற்றுப் பக்கத்தைப் பேட்டி என்றும் முதுகுப் பக்கத்தை காதா என்றும் தனித்தனியாக வைத்திருப்பார்கள். பேட்டியில் எலும்பு பெரிது, கொழுப்பு அதிகம், பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் நல்லது. காதாவில் கிளை பிரிந்த மயிர்முள் சதைக்குள் எங்கும் ஓடும். அதைக் கரண்டி முள்கரண்டி வைத்துச் சாப்பிட முடியாது, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிப் பார்த்து, முள்ளை உணர்ந்து எடுத்துப் போட்டுவிட்டுச் சோற்றோடு பிசைய வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற சாப்பாடு இல்லை இது. நான் போனபோது பேட்டி ஒரு துண்டு 20 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொஞ்சம் மேலே, முட்டை உள்ள துண்டு இன்னும் கூடுதல். ஒரு மீன் துண்டுக்கு இது பெரிய விலைதான், ஆனாலும் கொடுக்கலாம். உருளைக்கிழங்கு பொர்த்தாவும் (பொர்த்தா என்றால் மசியல்) கருவாட்டுப் பொர்த்தாவும் நன்றாக இருக்கின்றன. பருப்பு தண்ணீர். ஆட்டுக்கறி எண்ணெயில் மிதக்கிறது, வேண்டாம். மின்விசிறி சத்தம்தான் போடுகிறது, காற்று வரக் காணோம்.

சரி, இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

ஆறுகளில் நீரோட்டம் அளக்கும் வேலையில் ரொம்ப வருஷம் இருந்தவன் நான். அதனால் ஆற்று மீன் சாப்பிட்டால் அது எந்த ஆறு, அந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. இந்தக் கடையில் கேட்டால் முதலில் எல்லோரும் "பத்மா, போஸ், பத்மா" என்றுதான் சொல்வார்கள், கங்கைக்கு வங்காளதேசத்தில் அதுதான் பெயர். ஆனால் பின்னால் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டியில் மியன்மார் என்று இருந்தது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. 2012-இல் வங்காளதேசம் உல்லம் ஏற்றுமதியைப் பொதுவாகத் தடை செய்துவிட்டது, துர்கா பூஜை சமயத்தில் இந்தியாவுக்குச் சிறப்பு அனுமதி கொடுத்துக் கொஞ்சம் அனுப்புவார்கள். ஆகவே நம் தட்டுக்கு வருவது ஐராவதி ஆற்று மீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சமையல்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "ஊர்க்காரங்க பத்மான்னு சொன்னாத்தான் சாப்பிடுறாங்க" என்றார்.

ஐராவதி என்பது எனக்குப் பெரிய செய்தி. துணையாறுகளில் அணைகள் உண்டு, ஆனால் அந்த நடு ஆற்றின் குறுக்கே அணை கிடையாது. கட்டப் பார்த்தார்கள், மியிட்சோன் என்ற இடத்தில், 6,000 மெகாவாட் திட்டம், மக்கள் எதிர்ப்பினால் 2011 செப்டம்பரில் அதிபர் தெய்ன் செய்ன் நிறுத்தி வைத்தார். அதனால் மழை பெய்தால் அந்த ஆறு தானாகப் பெருகுகிறது, நின்றால் தானாக வடிகிறது. அங்கேயும் வலைக்காரர்கள் சின்ன மீனையும் விடாமல் பிடிப்பதாகச் சொல்கிறார்கள், அது வேறு தொல்லை. ஆனால் மேலே வரச் சொல்லி மீனைக் கூப்பிடும் வெள்ளம் இன்னும் அங்கே இருக்கிறது.

உல்லம் வாழ்வது கடலில், முட்டையிடுவது நல்ல தண்ணீரில். தென்மேற்குப் பருவமழையில் ஆறு சிவப்பாகக் கலங்கிக் கடலில் விழும்போது அந்த நன்னீரின் வாசனையைப் பிடித்துக் கூட்டமாக ஏறும். ஏறும்போது அதிகம் சாப்பிடாது, உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புத்தான் அதற்குக் கட்டுச்சோறு, நாம் கடுகெண்ணெயில் ருசித்துச் சாப்பிடுவதும் அதைத்தான். முட்டை மண்ணில் ஒட்டாது, ஓடும் நீரிலேயே மிதந்து ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் சில மாதம் ஆற்றிலேயே மேய்ந்து விரல் நீளம், சாண் நீளம் வளர்ந்து, அப்புறம் கோடையில் கடலுக்கு இறங்கும். ஆக இந்த மீனுக்கு ஆற்றில் இரண்டு முறை தண்ணீர் வேண்டும், ஏறுவதற்கு மழைக்கால வெள்ளம், இறங்குவதற்குக் கோடையிலும் அறாத ஓட்டம். இதில் ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் பயனில்லை.

சமையல்காரர் சாந்த்பூர்க்காரர். பத்மாவும் மேக்னாவும் கூடும் ஊர், உல்லம் வியாபாரத்துக்கே பெயர் போன இடம். அவருடைய அண்ணன் இன்னும் படகில் போகிறாராம். அக்டோபர் பௌர்ணமியை ஒட்டி 22 நாள் வங்காளதேசம் முழுக்க உல்லம் பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வண்டியில் ஏற்றக் கூடாது, அந்த நாட்களில் அண்ணன் படகைக் கரையில் கட்டிவிட்டு அரசாங்கம் கொடுக்கும் அரிசியை வாங்கிக்கொண்டு வலை பின்னுவார். நவம்பரிலிருந்து ஜூன் வரை 25 சென்டிமீட்டருக்குக் குறைவான குஞ்சையும் தொடக்கூடாது. ஏழைகள்தான் இந்தக் கட்டுப்பாட்டைச் சுமக்கிறார்கள், பெரும்பாலும் சுமந்தும் விட்டார்கள், பிடிபாடும் அதற்கு முன் இருந்ததைவிட நன்றாக ஏறியது. எனக்கு அதில் ஒரு ஆதங்கம் உண்டு. வலைக்கு நிலாவைப் பார்த்து நாள் குறிக்கத் தெரிந்தவர்கள், மேலே இருக்கும் மதகுக்கு ஏன் அப்படி ஒரு நாள் குறிக்கவில்லை?

மதகு என்று நான் சொல்வது ஃபராக்கா. வங்காளதேச எல்லைக்குச் சில கிலோமீட்டர் மேலே கங்கையின் குறுக்கே 1975-இல் இயங்கத் தொடங்கிய தடுப்பணை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நூற்றுக்கு மேற்பட்ட மதகுகள். பாசனத்துக்காகவோ மின்சாரத்துக்காகவோ கட்டியதல்ல, கல்கத்தா துறைமுகத்தில் மண் மேடிட்டுக் கப்பல் வர முடியாமல் போனதால், கங்கையிலிருந்து விநாடிக்கு 40,000 கன அடித் தண்ணீரை 38 கிலோமீட்டர் கால்வாய் வழியாக ஹூக்ளிக்குத் திருப்பி மண்ணை அடித்துக்கொண்டு போகவைக்கும் யோசனை. அதற்கு முன் உல்லம் கடலிலிருந்து அலகாபாத்தையும் தாண்டி ஆக்ரா வரை ஏறிய மீன், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். தடுப்பணை வந்த பிறகு அலகாபாத் மீன்காரர்களுக்கு அது கண்ணில் படாத மீனாகிவிட்டது. மழைக்காலத்தில் மதகைத் தூக்கிவிட்டாலும் அடியில் பீறிடும் வேகத்தை எதிர்த்து அதனால் ஏற முடிவதில்லை. உல்லம் குதிக்கிற மீன் இல்லை. சால்மனுக்கு வைப்பதுபோல் ஏணி வைத்துவிட்டால் ஏறிவிடும் என்று நம் பக்கத்து அணைக்கட்டுகளில் செய்து பார்த்ததெல்லாம் வீண். படகு ஏறி இறங்கும் புதிய பூட்டுமதகை நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் மீனுக்காகத் திறந்து வைக்கும் திட்டத்தை 2019-இல் அறிவித்தார்கள். நல்ல யோசனை, என் பார்வையில் இவ்வளவு காலம் கழித்து வந்த முதல் நல்ல யோசனை.

ஆனால் தடுப்பணைக்குக் கீழே இருக்கும் ஆறுதான் நம் தட்டின் கதை. அங்கே எவ்வளவு தண்ணீர் என்பதை முடிவு செய்வது 1996 டிசம்பர் 12-இல் அன்றைய இந்தியப் பிரதமர் தேவ கௌடாவும் வங்காளதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 30 ஆண்டுக்கு. ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்துப் பத்து நாளாகப் பிரித்துக் கணக்கு. ஃபராக்காவுக்கு வரும் நீர் விநாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவென்றால் ஆளுக்குப் பாதி. 75,000 வரை என்றால் வங்காளதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதற்கும் மேலே போனால் இந்தியாவுக்கு 40,000, மிச்சமெல்லாம் கீழே. இதுவரை சரி. ஆனால் மார்ச் 11 முதல் மே 10 வரை ஒரு தனி விதி உண்டு: ஒரு பத்து நாள் ஒருவருக்கு 35,000 உறுதி, அடுத்த பத்து நாள் மற்றவருக்கு, இப்படி மாற்றி மாற்றி. பயிருக்கும் துறைமுகத்துக்கும் பங்கு பிரிப்பவர்களுக்கு இது நியாயமான பங்கீடு. ஆற்றுக்குள் இருக்கும் சாண் நீளக் குஞ்சுக்கு என்ன ஆகிறதென்று யோசியுங்கள். அது கடலுக்கு இறங்கும் அதே மாதங்களில் ஆறு பத்து நாள் ஏறுகிறது, பத்து நாள் இறங்குகிறது, ஏறியபோது புகுந்த ஓர ஓடையில் இறங்கும்போது மாட்டிக்கொள்கிறது. பத்மாவிலிருந்து பிரிந்து தெற்கே போகும் கோராய் ஆறு கோடையில் வாய் அடைபட்டுப் போவதும், குல்னா பக்கம் உப்பு உள்ளே ஏறுவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒப்பந்தத்தின் அட்டவணையில் மீனுக்கென்று ஒரு வரி கிடையாது.

என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், அணைக்குக் கீழே இவ்வளவு விட்டால் போதும் என்று ஒரே ஒரு எண்ணை எழுதி வைப்பதுதான் பெரிய தப்பு. ஒன்றுமே எழுதாததற்கு அது பரவாயில்லைதான். 2018 அக்டோபரில் இந்தியா கங்கைக்குக் குறைந்தபட்ச ஓட்டம் அறிவித்தது. ஹரித்வாருக்கு மேலே உள்ள மலைப்பகுதியில் மாத சராசரி நீரில் குளிர்காலத்துக்கு 20 சதவீதம், மழைக்காலத்துக்கு 30 சதவீதம் என்று பருவத்துக்குத் தகுந்தபடி வைத்தார்கள், அது நல்ல அணுகுமுறை. கீழே வந்ததும் கணக்கு சுருங்கிவிட்டது. கான்பூர்த் தடுப்பணையில் மழையில்லாக் காலத்துக்கு விநாடிக்கு 24 கன மீட்டர், அதாவது 850 கன அடி அளவு. கங்கைக்கு! அந்த அறிவிப்பும் கான்பூரை ஒட்டிய உன்னாவ் என்ற ஊரோடு நின்றுவிடுகிறது, ஃபராக்கா இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

இதைச் சரியாகச் செய்த இடம் ஒன்று உண்டு, தொழிலில் இருந்த காலத்தில் நான் ஆசையோடு படித்தது. அமெரிக்காவில் கொலம்பியா ஆறு, பிரீஸ்ட் ரேப்பிட்ஸ் என்ற அணை, அதற்குக் கீழே சுமார் 80 கிலோமீட்டர் தடையில்லாமல் ஓடும் ஹான்ஃபோர்டு பகுதி. சினூக் என்ற பெரிய சால்மன் இலையுதிர் காலத்தில் அங்கே வந்து, பெண் மீன் வாலால் சரளைக் கல்லை அடித்துப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, கல்லால் மூடிவிடும். முட்டை குளிர்காலம் முழுக்கக் கல்லுக்கடியில் கிடக்க வேண்டும். மின்சாரத் தேவைக்கு ஏற்ப அணையைத் திறந்து மூடினால், தண்ணீர் நிறைய இருந்த நாளில் மேட்டில் பறித்த கூடு தண்ணீர் குறைந்த நாளில் காய்ந்து உறைந்துபோகும். 1988-இல் அணை நடத்துபவர்களும் மீன்வளத் துறைகளும் பழங்குடியினரும் உட்பட எல்லோரும் உட்கார்ந்து வெர்னிட்டா பார் என்ற சரளைத் திட்டை வைத்து ஓர் உடன்பாடு செய்தார்கள், 2004-இல் அதை விரிவாக்கினார்கள். அதில் இருக்கும் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். சினூக் பெரும்பாலும் பகலில்தான் கூடு பறிக்கும், அதனால் அக்டோபர், நவம்பரில் பகல் நேரத்தில் தண்ணீரை ஏறத்தாழ விநாடிக்கு 70,000 கன அடிக்குள் அடக்கி வைத்து, கூடுதல் தண்ணீரை இரவில் விடுகிறார்கள். மின்சாரம் பகலில்தான் அதிகம் விலை போகும், இரவில் குறைவு, அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டு தலைகீழாக ஓட்டுகிறார்கள். மீனும் மேட்டுக்குப் போகாமல் தாழ்வான சரளையிலேயே கூடு வைக்கிறது. அப்புறம் ஒரு நாள் நீரைக் குறைத்துவிட்டு, ஆட்கள் திட்டில் இறங்கி நடந்து, எந்த மட்டம் வரைக்கும் கூடு இருக்கிறதென்று எண்ணிப் பார்க்கிறார்கள். அந்த வருஷத்தின் குறைந்தபட்ச நீர்மட்டம் அங்கேதான் முடிவாகிறது, முன்பே எழுதி வைத்த காகிதத்தில் இல்லை. குஞ்சு கல்லிலிருந்து வெளியே வரும் வசந்த காலம் வரை அந்த மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது. வந்த பிறகும் வேலை முடிவதில்லை, ஓரத்துக் குட்டைகளில் குஞ்சு சிக்கிச் சாகாமல் இருக்க ஒரு நாளுக்குள் நீர் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. கொலம்பியாவில் மற்ற பல சால்மன் கூட்டங்கள் தேய்ந்துபோக, இந்தக் கூட்டம் இன்றைக்கும் வலுவாக இருக்கிறது.

இதை அப்படியே தூக்கிப் போய் பத்மாவில் வைக்க முடியாது. உல்லம் கூடு கட்டுவதில்லை, முட்டை மிதந்து போகும், ஆகவே எந்த மட்டம் என்ற கேள்வி அதற்குப் பொருந்தாது. அதற்குக் கேட்க வேண்டியவை வேறு. மழை தொடங்கும்போது முகத்துவாரத்துக்கு ஒரு நல்ல வெள்ளம் போய்ச் சேருகிறதா? மணல் திட்டுகளுக்கு நடுவே ஆழமான தடம் ஒன்றாவது திறந்திருக்கிறதா? அக்டோபர் பௌர்ணமியில் ஓட்டம் உண்டா? ஏப்ரலில் குஞ்சு இறங்கும்போது நீர் மெதுவாக வடிகிறதா, ஒரே நாளில் விழுகிறதா? முறை மட்டும் ஒன்றுதான்: முதலில் ஆற்றில் இறங்கி மீனைப் பார்த்துவிட்டு, பிறகு மதகின் கைப்பிடியைத் தொடுவது. 30 ஆண்டு ஒப்பந்தம் 2026 டிசம்பரோடு முடிகிற ஒன்று. அடுத்து எழுதுகிறவர்கள் அந்தப் பத்து நாள் அட்டவணைக்குப் பக்கத்தில் மீனுக்கு ஒரு வரிசை சேர்க்க வேண்டும் என்று நான் மனசார விரும்புகிறேன்.

இந்தக் கடைக்கு என் தாய்மாமாவையும் கூட்டிப் போயிருந்தேன். கோலசிலாங்கூர்த் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருடைய அம்மா அணைக்கரைப் பக்கம் பிறந்து கப்பலேறி வந்தவர். வீட்டில் எப்போதும் தமிழ்நாட்டுச் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும், கொள்ளிடத்தில் வெள்ளம் போனால் போதும், "பாத்தியா மாப்ளே, அவ்வளவு தண்ணியும் வீணா கடலுக்குப் போகுது" என்பார். நாமெல்லோரும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அன்றைக்குப் பேட்டித் துண்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "மாமா, அந்தத் தண்ணி கடலுக்குப் போனாத்தான் இந்த மீனு ஆத்துக்கு வரும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பிறகு, பாட்டி சொன்ன கதை ஒன்றைச் சொன்னார், ஆடி மாசத்தில் செந்தண்ணீர் வரும்போது கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கும் கீழணைக்கு அடியில் உல்லம் முட்டி மோதிக்கொண்டு நிற்குமாம், கூடையில் அள்ளுவார்களாம்.

கதை பொய்யில்லை. கீழணை 1830-களில் கட்டியது, மீன் அதைத் தாண்ட முடியாமல் அதன் காலடியில் குவிந்தது, அங்கேயே பிடித்தார்கள். பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் 1870-களிலேயே அணைக்கட்டுகள் உல்லத்தை மறிக்கின்றன, வழி விடுங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதினார். ஆனாலும் வெள்ளம் வந்துகொண்டிருந்தவரை கீழணை வரையாவது மீன் வந்தது. 1934-இல் மேட்டூர் அணை திறந்த பிறகு அந்த ஆடி வெள்ளமே அணைக்குள் அடங்கிவிட்டது. பி. சுந்தரராஜ் என்ற சென்னை மாகாண மீன்வள அதிகாரி 1940-களின் தொடக்கத்திலேயே மேட்டூரை எடுத்துக்காட்டாக வைத்து, அணையால் கீழே இருக்கும் மீன்வளத்துக்கு என்ன ஆகிறது என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்பது தமிழர் எல்லோருக்கும் மனப்பாடம், அது குறுவைக்குக் குறித்த நாள், நியாயமான நாள். 2007-இல் காவிரி நடுவர் மன்றம் 740 டிஎம்சியை (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) பங்கு போட்டபோது 10 டிஎம்சியைச் சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கியது, அதுவே பெரிய முன்னேற்றம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 10 டிஎம்சி எந்த மாதம், எந்த வேகத்தில், எந்த மதகு வழியாகக் கடலுக்குப் போக வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வருஷம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது ஒரு மீனையும் கூப்பிடாது. அதே தண்ணீரை ஆடியில் சில நாள் சேர்த்து விட்டால் ஏதாவது நடக்கலாம்.

நமக்கு இதெல்லாம் தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். நாம் கோலாலம்பூரில் குழாயைத் திறந்தால் வருவதில் பெரும்பங்கு சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர். கோல குபு பாருவுக்கு மேலே அணை, அங்கிருந்து விடும் நீர் ஆற்றில் இறங்கி, கீழே எடுப்பு நிலையங்களில் உறிஞ்சப்படுகிறது. அதற்கும் கீழே என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி, ஏனென்றால் அங்கேதான் கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளும் ஆற்று இறாலும் இருக்கின்றன. நாம் ஊடாங் காலா என்று ஆசையாக வாங்கும் அந்த நீலக்கால் இறால் முட்டை சுமந்துகொண்டு உப்புக் கலந்த தண்ணீருக்கு இறங்கும், குஞ்சு அங்கே வளர்ந்து மறுபடி நன்னீருக்கு ஏறும். உல்லத்துக்கு நேர் எதிர்த் திசை, ஆனால் தேவை அதேதான், மேலிருந்து கடல் வரை அறாத நீர். அந்த ஆற்றுக் கரையில் வேலை பார்த்தவர் என்பதால் இதை மாமாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மழையில்லாத வருஷத்தில் இறால் எங்கே போய்விடும் என்று அவரே எனக்குச் சொன்னார்.

மறுபடி கடைக்கு வருகிறேன். நான் இந்தக் கடையைச் சிபாரிசு செய்வதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. அந்தத் தெருவில் வேறு இடங்களில் கை நீளம்கூட இல்லாத குஞ்சு உல்லத்தைப் பொரித்து மலிவாகக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், இங்கே அது இல்லை. ஒரு கிலோவுக்குக் குறைந்த மீனைச் சமையல்காரர் வாங்குவதில்லை. கேட்டால், "சின்னது வாங்கினா அண்ணன் அடிப்பான்" என்கிறார். ஐராவதி மீன் என்று தெரிந்த பிறகும், கேட்கிறவர்களிடம் அப்படியே சொல்லுங்கள் என்று நான் சொன்னதற்குத் தலையாட்டினார், அடுத்த முறை போனபோது பரிமாறும் தம்பி "பர்மா மீனு, போஸ், நல்லாருக்கும்" என்று தானாகவே சொன்னான். நன்றாகவும் இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். மத்தியானம் 12 மணிக்கு முன்னால் போனால் பேட்டித் துண்டு கிடைக்கும், 2 மணிக்கு மேலே காதாதான் மிச்சம். முட்டை வேண்டுமென்றால் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் வந்த மீனா என்று கேளுங்கள், மற்ற மாதங்களில் வருவதில் முட்டை இருந்தால் அதிர்ஷ்டம். பிள்ளைகளுக்குக் கடுகு வேண்டாம், வெறும் மஞ்சள் உப்பில் கடுகெண்ணெயில் பொரித்துக் கொடுப்பார்கள், பொரித்த எண்ணெயையும் ஒரு கரண்டி சோற்றில் ஊற்றச் சொல்லுங்கள், வறுத்த மிளகாய் ஒன்றோடு அதுவே தனிச் சாப்பாடு. தாப்பாவ் (பொட்டலம்) கட்ட வேண்டாம், வீட்டுக்கு வந்து சூடு பண்ணினால் கடுகு கசந்துவிடுகிறது. ரொக்கம் எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும், 3 மணி வாக்கில்தான் திறப்பார்கள்.